பழைய கோயிலா, புதிய கோயிலா?

(பாரிஸ் நகரப் பேராலயங்களைப் படிக்கும் முறை பற்றி ஓர் ஆய்வு)

ஐரோப்பிய நகரங்களுக்குச் சென்று திரும்பிய நம்மவர் எழுதும் பயணக் கட்டுரைகளில் தேவாலயங்களுக்கு என்றும் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தில் என்ன எழுதப்பட்டிருக்கும் என்பதை வாசகர் படிக்காமலே சொல்லிவிடலாம். கோபுரத்தின் உயரம் இத்தனை அடி. கட்டி முடிக்க இத்தனை ஆண்டு. உள்ளே நுழைந்ததும் மெய் சிலிர்த்தது. எதிர்க்கடையில் காப்பி விலை அதிகம். இவ்வளவே. உயரத்தைச் சொல்வது குற்றமன்று. ஆனால், ஒரு காப்பியத்தைப் பற்றி எழுதப் புகுந்தவர் பாடல்களின் தொகையைச் சொல்லிவிட்டு மெய் சிலிர்த்ததென்று முடித்தால் அதனைத் திறனாய்வு என்று நாம் ஒப்புவோமா?

இக்குறைக்கு நானும் விலக்கானவன் அல்லேன். 2025ஆம் ஆண்டு பள்ளி விடுமுறையில், மேற்படிப்பின் பொருட்டுப் பாரிஸில் தங்கியிருந்த என் மகளிடம் சென்று பத்து நாள் இருந்தேன். திரும்பி வந்ததும் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குப் படங்களைக் காட்டினேன். நோத்ர தாம் பேராலயம் 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் மாலையில் தீப்பற்றியதையும், 2024 டிசம்பர் 7ஆம் நாள் மீண்டும் திறக்கப்பட்டதையும் விவரித்துவிட்டு, “எண்ணூறு ஆண்டுப் பழைமையான கோயில்” என்று பெருமையோடு முடித்தேன். அப்பொழுது ஒரு மாணவி எழுந்து, “எரிந்துவிட்டது என்றீர்களே ஐயா, அப்படியானால் நீங்கள் பார்த்தது பழைய கோயிலா, புதிய கோயிலா?” என்று கேட்டாள்.

எனக்கு விடை தெரியவில்லை. ஆண்டுகள் தெரிந்தன, அடிக்கணக்குத் தெரிந்தது, விடை தெரியவில்லை. அவ்விடையைத் தேடிய முயற்சியே இக்கட்டுரை.

கல்லால் ஆன ஏடு

ஒரு பழந்தமிழ் நூலைப் படிக்கும் ஆசிரியர் மூன்று கேள்விகளை எழுப்பிக் கொள்வார். மூலபாடம் எது? பாடபேதம் எது? இடைச்செருகல் எது? ஏட்டுச் சுவடிகளோடு பழகிய நமக்கு இக்கேள்விகள் இயல்பானவை. பாரிஸின் பேராலயங்களையும் இவ்வாறே படிக்கலாம் என்பதும், அவ்வாறு படித்தாலன்றி அவை விளங்கா என்பதும் என் கருத்து.

முதலில் காணவேண்டியது நோத்ர தாம் அன்று. நகரின் வட எல்லைக்கு அப்பால் உள்ள சான் தெனி ஆலயம். அங்குத்தான் இந்த மொழியின் இலக்கணம் பிறந்தது. அம்மடத்தின் தலைவராய் இருந்த சூஜேர் என்பார் எடுப்பித்த கருவறைப் பகுதி 1144ஆம் ஆண்டு அருட்பொழிவு செய்யப்பெற்றது. அதற்கு முன்னிருந்த கோயில்களில் தடித்த சுவர்கள் கூரையைச் சுமந்தன. சாளரங்கள் சிறியனவாய் இருந்தன. உள்ளே இருள் நிறைந்திருந்தது. சூஜேரின் கட்டடக் கலைஞர்கள் கூர்நுனி வளைவையும் கல் விலாக்களையும் ஒன்றாய் இணைத்தனர். கூரையின் பாரம் விலாக்களின் வழியே தூண்களில் இறங்கிற்று. சுவருக்குச் சுமை குறைந்தது. சுமை குறைந்த இடத்தில் கண்ணாடி புகுந்தது. ஒளி இறைவனின் சாயல் என்று கருதிய அத்துறவிக்கு அது வெறும் கட்டட நுணுக்கமன்று, ஒரு கொள்கை. தாம் செய்ததையும் செய்த காரணத்தையும் அவரே இலத்தீனில் எழுதி வைத்துள்ளார். கோயில் எடுத்தவரே உரையும் எழுதிய அருமையான நிகழ்ச்சி இது.

அவ்வுரையில் ஒரு செய்தி உண்டு. கூரைக்கு வேண்டிய நீண்ட உத்தரங்கள் அப்பக்கத்தில் எங்கும் கிடையா என்று தச்சரும் காடு காப்போரும் கைவிரித்தனராம். உறக்கம் வராத சூஜேர் விடியலில் தாமே காட்டுக்குள் புகுந்து தேடி, வேண்டிய பன்னிரண்டு மரங்களையும் கண்டெடுத்தாராம். இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்க, பின்னர் வேண்டப்படும்.

இலக்கணம் கற்ற பின் காணவேண்டிய இலக்கியம், சேன் ஆற்றுத் தீவில் நீதிமன்ற வளாகத்துள் நிற்கும் சேந்த் சப்பேல் என்னும் சிறு கோயில். ஒன்பதாம் லூயி மன்னன் இயேசுநாதரின் முள்முடி என்று போற்றப்பட்ட திருப்பண்டத்தைக் கான்ஸ்தாந்திநோபிள் பேரரசனிடமிருந்து 1239இல் பெற்றான். அதனை வைப்பதற்கென்றே எழுப்பிய கோயில் 1248இல் திறக்கப்பட்டது. முடிக்குக் கொடுத்த பொருள் 1,35,000 லிவர் என்றும், கோயிலுக்கு ஆன செலவு 40,000 லிவர் என்றும் கூறுவர். நகையைக் காட்டிலும் பேழை மலிவாய் அமைந்தது. ஆயினும் இன்று மக்கள் வரிசையில் நின்று காண்பது பேழையைத்தான்.

மேல்தளத்தில் ஏறியதும் சுவரே இல்லை என்று தோன்றும். பதினைந்து சாளரங்கள், அவற்றில் 1,113 காட்சிகள். உலகப் படைப்புத் தொடங்கி அத்திருப்பண்டங்கள் பாரிஸ் வந்து சேர்ந்தது ஈறாக விவிலிய வரலாறு கண்ணாடியில் ஓடுகிறது. ஒவ்வொரு சாளரத்தையும் கீழிருந்து மேலாகப் படித்துச் செல்ல வேண்டும்.

நிற்க. தேவாலயச் சிற்பமும் சாளரமும் எழுத்தறியாப் பாமரர்க்கு வாய்த்த நூல் என்று பலரும் எழுதுகின்றனர். அழகிய கூற்று, ஆனால் முழுவதும் உண்மையன்று. சேந்த் சப்பேலின் மேல்தளம் மன்னனுக்கும் அவன் சுற்றத்துக்கும் உரியது; அரண்மனைப் பணியாளர்க்குக் கீழ்த்தளம். அதாவது, அவ்வரிய சாளரங்கள் பாமரர் கண்ணில் படும்படி வைக்கப்படவில்லை. மேலும், பதினைந்து மீட்டர் உயரமுள்ள சாளரத்தின் உச்சியில் உள்ள காட்சியைக் கீழே நிற்பவர் கண்ணால் பிரித்தறிதல் அரிது. நான் கழுத்து வலிக்க முயன்றேன். என் மகள் கையிலிருந்த விளக்கநூலைப் படித்துச் சொன்ன பிறகே கண் அதைக் கண்டது. கதையை முன்பே அறிந்தவர்க்குத்தான் படம் பேசும். அறியாதார்க்கு அது வண்ணம் மட்டுமே. சொல்லிக் கொடுப்பார் இல்லாதவிடத்துக் கல்லும் கண்ணாடியும் ஊமைகள். ஆசிரியர் தொழிலுக்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமா?

தவறாகப் படித்ததன் விளைவு

சொல்லிக் கொடுப்பார் இல்லாமற் போனால் நேர்வது என்ன என்பதை நோத்ர தாமின் முகப்பு காட்டுகிறது.

1163இல் மேற்றிராணியார் மோரீஸ் த சுல்லி காலத்தில் தொடங்கிய அப்பேராலயத்தின் மேற்கு முகப்பில், மூன்று வாயில்களுக்கு மேலே இருபத்தெட்டு மன்னர் சிலைகள் ஒரே வரிசையில் நிற்கின்றன. அவர்கள் விவிலியத்து யூதேயா நாட்டு அரசர்; மரியன்னையின் முன்னோர் என்பதே அறிஞர் பெரும்பாலோர் கொள்கை. ஆனால் பாரிஸ் மக்களோ நெடுங்காலமாக அவர்களைப் பிரெஞ்சு மன்னர்கள் என்றே நம்பி வந்தனர். 13ஆம் நூற்றாண்டு நகைச்சுவை நூல் ஒன்றிலேயே, முகப்பின் முன் நின்று, இவர் இன்ன பிரெஞ்சு மன்னர், அவர் இன்னார் என்று விரல் நீட்டும் நாட்டுப்புறத்தான் வருகிறான்.

அந்நாளில் அது நகைப்புக்குரிய பிழை. 1793இல் அதுவே கொலைக்கருவி ஆயிற்று. உயிரோடிருந்த மன்னனின் தலையை அவ்வாண்டு சனவரியில் கொய்த புரட்சி, கல் மன்னர்களையும் விட்டுவைக்கவில்லை. சிலைகள் கீழே தள்ளப்பட்டன, தலைகள் துண்டிக்கப்பட்டன. தவறாகப் படித்த ஒரு பாடம் இருபத்தெட்டுச் சிலைகளை அழித்தது.

அத்தலைகள் ஒழிந்தே போயின என்று எல்லோரும் எண்ணியிருந்தபோது, 1977இல் நகரின் வேறொரு பகுதியில் ஒரு மாளிகையில் வேலை நடக்கையில் மண்ணுக்குள்ளிருந்து இருபத்தொரு தலைகள் கிடைத்தன. அவை இன்று ஆற்றின் தென்கரையில் குளூனி அருங்காட்சியகத்தில் உள்ளன. பேராலயத்திலிருந்து சிறிது தொலைவு நடந்தால் போதும். மூக்குச் சிதைந்த அம்முகங்களில் பழைய வண்ணப்பூச்சின் சுவடு இன்னும் தெரிகிறது. ஆக, முகப்பு ஒரு காலத்தில் வண்ணமயமாய் இருந்தது. வெறுங்கல்லின் தூய்மையே பழைமை என்று நாம் எண்ணுவதும் ஒரு தவறான பாடமே.

அப்படியானால் இன்று முகப்பில் தலையோடு நிற்கும் மன்னர்கள் யார்? அவர்கள் 19ஆம் நூற்றாண்டில் செய்து வைக்கப்பட்டவர்கள். மூலபாடம் அருங்காட்சியகத்தில், பிற்காலப் பாடம் கோயிலில். குளூனிக்குச் செல்லாமல் நோத்ர தாமைக் கண்டவர் ஏட்டைப் பாராமல் அச்சுப் புத்தகத்தை மட்டும் படித்தவரே ஆவார்.

அழித்தோர் புரட்சிக்காரர் மட்டும் அல்லர். கோயிலைக் காக்க வேண்டியவர்களே 18ஆம் நூற்றாண்டில் இடைக்காலத்து வண்ணக் கண்ணாடிகளைப் பெரிதும் கழற்றிவிட்டு, வெளிச்சம் வேண்டி வெண்கண்ணாடி பொருத்தினர். 1771இல், ஊர்வலக் குடை தடையின்றி நுழையும் பொருட்டு, நடுவாயிலின் தூணும் அதன் மேலிருந்த இறுதித் தீர்ப்புச் சிற்பத்தின் ஒரு பகுதியும் வெட்டப்பட்டன. அதனைச் செய்தவர் சூஃப்லோ என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர். பகைமை ஒரு முறை அழித்தது; நாகரிக மோகம் பல முறை அழித்தது.

ஹியூகோவின் கூற்று

இவ்விடத்தில் விக்டர் ஹியூகோவைக் கொண்டுவராமல் மேற்செல்ல இயலாது. அவர் 1831இல் வெளியிட்ட, நோத்ர தாமின் பெயரையே தாங்கிய நாவல் தமிழாசிரியர் பலர் அறிந்தது. கூனன் குவாசிமோதோவையும் எஸ்மெரால்தாவையும் எல்லோரும் நினைவில் வைத்திருப்பர். ஆனால் அந்நாவலின் உண்மையான தலைவன் கோயிலே. கதை நடக்கும் ஆண்டு 1482. ஐரோப்பாவில் அச்சுப்பொறி தோன்றிச் சில பத்தாண்டுகளே ஆன காலம்.

அந்நாவலில் தலைமைக் குரு பிரோலோ ஒரு கையை அச்சிட்ட புத்தகத்தின் மீது வைத்து, மறு கையால் பேராலயத்தைச் சுட்டி, இது அதனைக் கொன்றுவிடும் என்ற பொருள்படப் பேசுகிறார். 1832ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்த ஓர் இயலில் ஹியூகோ இதனை விரித்துரைக்கிறார். அச்சு பிறக்கும்வரை மனித இனம் தன் சிந்தனையைக் கட்டடத்தில் எழுதி வந்தது. அச்சு பிறந்ததும் அவ்வெழுத்து காகிதத்துக்கு மாறிற்று. கட்டடக்கலை உயிரிழந்தது என்பது அவர் கொள்கை.

ஆழமான கூற்று என்பதில் ஐயமில்லை. ஆனால் அது பலித்ததா? நடந்தது அதற்கு நேர்மாறு என்பேன். ஹியூகோவின் காலத்தில் நோத்ர தாம் சிதைந்து, கவனிப்பாரற்றுக் கிடந்தது. மக்களை அதன் பக்கம் திருப்பியது எது? ஹியூகோவின் அச்சிட்ட புத்தகம்! நாவல் பரவியது, கோயிலைப் புதுப்பிக்க வேண்டும் என்ற குரல் எழுந்தது, 1844இல் அப்பணி லாசூஸ், வியொலே லெ துக் என்னும் இரு கலைஞர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. கொல்லப்போவதாகச் சொன்ன அச்சே உயிர் கொடுத்தது.

2019ஆம் ஆண்டுத் தீயின் பின்னரும் இதுவே நிகழ்ந்தது. எரிந்த மரக்கூரையை முன்போல் அமைக்க முடிந்தது எப்படி? பிரோமோன், திரான்தசோ என்னும் இரு கட்டடக் கலைஞர்கள் 2014இல் அக்கூரையின் ஒவ்வோர் உத்தரத்தையும் அளந்து வரைந்து வைத்திருந்தனர். அதற்கும் முன்பே ஆன்ட்ரூ டேலன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் கோயில் முழுவதையும் லேசர் ஒளியால் அளந்து வைத்திருந்தார். அவர் 2018இல் மறைந்தார். தம் உழைப்பு பயன்பட்டதைக் காணவில்லை. ஏட்டில் எழுதி வைத்தது கல்லைக் காத்தது. ஹியூகோவின் கதையை நாம் போற்றலாம். அவர் கொள்கையைத் திருத்தியே ஏற்க வேண்டும்.

அந்நாவலில் அதனினும் கூர்மையான கருத்தொன்று உண்டு. பழங்கோயிலைச் சிதைப்பவை மூன்று என்கிறார் ஹியூகோ: காலம், கலகம், காலத்துக்கேற்ற மோகம். முதல் இரண்டினும் மூன்றாவதே கொடிது என்பது அவர் முடிவு. சூஃப்லோவின் செயலைக் கண்ட நமக்கு அது விளங்கும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதே சூஃப்லோ கட்டிய சேந்த் ழெனெவியேவ் கோயில் 1791இல் பெருமக்களின் நினைவு மண்டபமாக மாற்றப்பட்டுப் பாந்தெயோன் எனப் பெயர் பெற்றது. 1885இல் மறைந்த ஹியூகோ அடக்கம் செய்யப்பட்டிருப்பது அங்கேதான்.

பதிப்பாசிரியரா, புலவரா?

புதுப்பித்த வியொலே லெ துக் எத்தகையவர்? 1857இல் லாசூஸ் மறைந்த பின் அவர் தனித்து நின்று 1864வரை பணியாற்றினார். உழைப்பிலும் கல்வியிலும் அவருக்கு நிகரானவர் அக்காலத்தில் அரியர். ஆனால் அவர் கொண்ட கொள்கை நம்மைத் திடுக்கிடச் செய்யும். ஒரு கட்டடத்தைப் புதுப்பித்தல் என்பது அதனைப் பேணுவதன்று. எக்காலத்தும் இருந்திராத முழுமை நிலைக்கு அதனைக் கொண்டுவருதலும் ஆகலாம் என்று அவரே எழுதினார்.

சுவடிப் பதிப்பில் இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். செல்லரித்த இடத்தில் புள்ளியிட்டு விடுபவர் நேர்மையான பதிப்பாசிரியர். பிற பிரதிகளைப் பார்த்து, அடைப்புக்குள் இட்டு நிரப்புபவர் துணிந்த பதிப்பாசிரியர். தாமே செய்யுள் இயற்றி, அடையாளம் ஏதுமின்றி நடுவில் வைத்துவிடுபவரை என்னென்பது? வியொலே லெ துக் இம்மூன்றையும் செய்தார். மன்னர் சிலைகளைப் பிற பேராலயச் சிற்பங்களை ஆராய்ந்து அமைத்தார். அது இரண்டாம் வகை. முகப்புக் கோபுரங்களின் மாடத்தில் கன்னத்தில் கைவைத்து நகரைப் பார்க்கும் கொம்பு முளைத்த பூதம் முதலிய உருவங்களை வைத்தார், அவை பெரிதும் அவர் கற்பனையில் எழுந்தவை, மூன்றாம் வகை.

ஈண்டு என் பிழையொன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்பூதத்தின் படத்தை நான் பல ஆண்டுகளாக வகுப்பில் காட்டி, “இடைக்கால மக்களின் அச்சத்தைப் பாருங்கள்” என்று விளக்கி வந்திருக்கிறேன். அஃது இடைக்காலமே அன்று. புகைவண்டி ஓடத் தொடங்கிய காலத்தில், இடைக்காலம் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று ஒருவர் எண்ணியதன் உருவம் அது. இடைச்செருகலை மூலமென்று பாடம் நடத்தியிருக்கிறேன். என்னிடம் படித்தவர்கள் இதைப் படித்தால் திருத்திக்கொள்வார்களாக.

ஆங்கில அறிஞர் ரஸ்கின் 1849இல் வெளியிட்ட நூலில் புதுப்பித்தல் என்பதே ஒரு பொய் என்று கடிந்தார். பழுதடையாமல் நாளும் பேணுங்கள்; பின் புதுப்பிக்கும் தேவையே வராது; முடிவு வந்தால் மதிப்போடு விடைகொடுங்கள் என்பது அவர் கட்சி. தூய கட்சிதான். ஆனால் அதனைப் பின்பற்றியிருந்தால் நோத்ர தாம் இன்று நின்றிருக்குமா என்பது ஐயமே. இடைச்செருகல் செய்த கைதான் ஏட்டை நெருப்பிலிருந்தும் நீரிலிருந்தும் காத்த கை என்றால், அக்கையை நாம் முழுவதும் வெறுத்தல் தகாது.

அவர் செய்தவற்றுள் பெரியது ஊசிக் கோபுரம். 13ஆம் நூற்றாண்டில் இருந்த கோபுரம் தளர்ந்து, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இறக்கப்பட்டிருந்தது. வியொலே லெ துக் அவ்விடத்தில் 96 மீட்டர் உயரத்துக்குத் தம் வடிவில் ஒன்றை 1859இல் எழுப்பினார். ஓக் மரச்சட்டம், மேலே ஈயத் தகடு, அடியில் பன்னிரு திருத்தூதர், நான்கு நற்செய்தியாளர் சின்னங்கள் என்று பதினாறு செப்புச் சிலைகள். திருத்தூதருள் தோமையார் மட்டும் திரும்பி நின்று கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறார். அவர் முகம் வியொலே லெ துக்கின் முகம். செய்யுளின் ஈற்றில் தம் பெயரைப் பொறித்த புலவர்போல் அவர் நடந்துகொண்டார்.

எரிந்த பின்

2019ஆம் ஆண்டு உலகமே கண்ட காட்சியில் விழுந்தது இந்தக் கோபுரம். எண்ணூறு ஆண்டுக் கோபுரம் விழுந்ததென்று நம் நாட்டிலும் பலர் கலங்கினர். விழுந்தது நூற்றறுபது ஆண்டுக் கோபுரம். உண்மையில் பழையதாய் இருந்து அழிந்தது, யாரும் அண்ணாந்தும் பார்த்திராத மேல்மாடி மரக்கூரை. பெரும்பாலும் 13ஆம் நூற்றாண்டு ஓக் மரங்களால் ஆன அதனைக் ‘காடு’ என்றே அழைத்தனர். பதினாறு செப்புச் சிலைகளோ பழுதுபார்ப்பதற்காகத் தீக்கு நான்கு நாள் முன்னரே இறக்கப்பட்டிருந்தமையால் தப்பின. மூன்று பெரிய வட்டச் சாளரங்களும் பேரிசைக் கருவியும் தப்பின. கல் வளைவுக் கூரை சில இடங்களில் பொத்தலாயிற்று. ஆனால் பெரும்பகுதி நின்றது.

அடுத்து எழுந்தது பெரிய வழக்கு. புதுக் கோபுரம் புதுக்காலத்துக்கு ஏற்றதாய் இருக்கட்டும் என்று அரசாங்கம் முதலில் ஒரு போட்டியை அறிவித்தது. கண்ணாடிக் கோபுரம், கூரைத் தோட்டம் என்று பலவகைக் கற்பனைகள் ஏடுகளில் வந்தன. இறுதியில், 2020 சூலையில், முன்பிருந்தபடியே கட்டுவதென்று முடிவாயிற்று.

இம்முடிவு சரியா? இடைச்செருகலையே மறுபடி செருகுவதா என்று கேட்கலாம். சரி என்றே நான் கருதுகிறேன். காரணம் மூன்று. ஒன்று, அக்கோபுரத்தின் அளவும் வரைபடமும் முழுமையாக இருந்தன, ஊகத்துக்கு இடமில்லை. இரண்டு, ஒன்றரை நூற்றாண்டு மக்கள் கண்ணில் நிலைத்த ஒன்று, தொடக்கத்தில் செருகலே ஆயினும், நூலின் உறுப்பாகிவிடுகிறது. மூன்றாவதே முதன்மையானது: அவ்வேலையால் ஒரு தொழிலறிவு பிழைத்தது. ஏறக்குறைய 2,000 ஓக் மரங்கள் நாடெங்கும் காடுகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டன. தச்சர்கள் இடைக்கால முறைப்படி கோடரி கொண்டு உத்தரங்களைச் செதுக்கினர். 340,000 பேர் கொடுத்த நன்கொடை 84 கோடி யூரோவைத் தாண்டியது. காட்டுக்குள் பன்னிரண்டு மரம் தேடிச் சென்ற சூஜேரை இங்கே நினைத்துக்கொள்க. கல்லும் மரமும் எரியும், இடியும். செய்யும் முறை கையிலிருந்து கைக்கு மாறினால் கோயில் சாவதில்லை.

உள்ளே சென்றபோது நான் எதிர்பார்த்தது இருள். கண்டது வெண்மை. புகையும் பல தலைமுறை மெழுகுத்திரிக் கரியும் நீக்கப்பட்ட கல், வெட்டியெடுத்த அன்று இருந்ததுபோல் மின்னுகிறது. பழைய கருமையையே பக்தியென்று எண்ணியிருந்த பலருக்கு இது ஏமாற்றம். எனக்கும் முதல் நாள் அப்படியே இருந்தது. இரண்டாம் நாள் சென்றபோது, கருமை கோயிலுடையதன்று, நம்முடையது என்று தெளிந்தேன்.

ஆறு சாளரங்கள்

இனி, இன்றைய வழக்குக்கு வருவோம். தென்புறப் பக்கச் சிற்றாலயங்கள் ஆறில் வியொலே லெ துக் காலத்துச் சாளரங்கள் உள்ளன. உருவமற்ற கோலப் பின்னல் கொண்டவை. தீயில் அவற்றுக்கு யாதொரு கேடும் நேரவில்லை. ஆயினும் அவற்றை அகற்றி, இக்காலக் கலைஞர் ஒருவரின் சாளரங்களை வைப்பதென்று நாட்டுத் தலைவர் மக்ரோன் 2023இல் அறிவித்தார். 2024 சூலையில் நாட்டு மரபுச்செல்வக் குழு அதனை ஒருமனதாக எதிர்த்தது. இலட்சத்துக்கு மேற்பட்டோர் எதிர்ப்பு மனுவில் கையொப்பமிட்டனர். எதிர்ப்புக்கு இடையிலும் அவ்வாண்டு டிசம்பரில் கிளேர் தபுரே என்னும் ஓவியர் தேர்ந்தெடுக்கப்பட்டார். தூய ஆவியார் இறங்கிய பெந்தகொஸ்து நிகழ்ச்சி அவர் தீட்டும் பொருள். 1905ஆம் ஆண்டுச் சட்டப்படி பேராலயம் அரசின் உடைமை. வழிபடும் உரிமையே திருச்சபைக்கு. ஆகவே இது கலைச்சிக்கல் மட்டுமன்று, ஆட்சிச் சிக்கலுமாம்.

மாற்ற வேண்டும் என்போர் வாதம் வலுவற்றதன்று. ஒவ்வொரு காலமும் இக்கோயிலில் தன் கையெழுத்தை இட்டிருக்கிறது. மேல்வரிசைச் சாளரங்களில் 1960களில் லெ செவலியே அமைத்த உருவமற்ற கண்ணாடிகளை இன்று யாரும் குறைகூறுவதில்லை. நம் காலம் மட்டும் ஏன் கைகட்டி நிற்க வேண்டும் என்கின்றனர். வழிபாடு நடக்கும் கோயில் அருங்காட்சியகமன்று என்பதும் உண்மையே. சேந்த் சப்பேலில் சீட்டு வாங்கி நுழைந்து அழகைக் கண்டேன். நோத்ர தாமில் ஒரு மூதாட்டி முழந்தாளிட்டு அழுததைக் கண்டேன். இரண்டும் ஒன்றல்ல.

ஆயினும் என் தீர்ப்பு எதிர்ப்போர் பக்கமே. அழிந்ததை நிரப்புவது வேறு. இருப்பதை எடுத்தெறிவது வேறு. ஏட்டில் ஓர் ஓலை செல்லரித்துப் போனால் புதிய ஓலை சேர்க்கலாம். நன்றாக இருக்கும் ஓலையை, அது பிற்காலத்தது, சுவை குன்றியது என்று உருவிவிட்டு நம் பாட்டை வைப்பது பதிப்பாகாது. வெண்கண்ணாடி பொருத்திய 18ஆம் நூற்றாண்டுக் குருமார்களும் தம் காலத்துக்கு நல்லதே செய்வதாக எண்ணினர். ஹியூகோ சொன்ன மூன்றாம் பகை, மோகம், எப்போதும் நல்லெண்ணத்தோடுதான் வருகிறது. தபுரே அவர்களின் ஓவியத் திறத்தைப் பற்றி எனக்கு எவ்விதக் குறையுமில்லை. அதற்கு இடம் வேண்டுமாயின், வெற்றிடம் எங்குண்டோ அங்கே கொடுக்கட்டும்.

மாணவிக்கு விடை

மீண்டும் வகுப்புக்கு வருகிறேன். பழைய கோயிலா, புதிய கோயிலா என்ற கேள்விக்கு ஒரு சொல்லில் விடையில்லை என்பதே விடை. சுவரும் தூணும் பழையவை. மன்னர் சிலைகள் ஹியூகோவின் நாவலுக்குப் பிந்தியவை. கூரை மரம் புதியது, அதன் வடிவம் பழையது. கோபுரம் புதியது, அது பார்த்து எழுதிய பிரதியும் அவ்வளவு பழையதன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விடை சொல்ல வேண்டும். அப்படிப் பிரித்துச் சொல்லத் தெரிந்தால்தான் நாம் கோயிலைப் பார்த்தவர்கள் ஆவோம்.

பாரிஸ் செல்லும் வாய்ப்புப் பெறும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் நாள் சான் தெனி. இரண்டாம் நாள் வெயில் உள்ள வேளையில் சேந்த் சப்பேல். மூன்றாம் நாள் காலை குளூனியில் உடைந்த தலைகளைக் கண்டு, மாலையில் நோத்ர தாமின் முன் நில்லுங்கள். இவ்வரிசை மாறினால் பொருளும் மாறும். உயரத்தை அளப்பது பிறகு ஆகட்டும்.

செல்ல முடியாதவர்க்கும் இப்பாடம் உரியதே. அக்கேள்வியைக் கேட்ட மாணவிக்கும் அவள் வகுப்பினர்க்கும் ஒரு வேலை கொடுத்தேன். நம் பள்ளிக் கட்டடத்தில் எது முதலில் கட்டியது, எது பின்னர்ச் சேர்த்தது, எது இடித்து மாற்றியது என்று பெரியவர்களைக் கேட்டு எழுதி வரச் சொன்னேன். அவள் இரண்டு பக்கம் எழுதி வந்தாள். நான் பதினோராண்டாக அமர்ந்திருக்கும் அறை ஒரு காலத்தில் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமாக இருந்தது என்பது அவள் எழுதித்தான் எனக்குத் தெரிய வந்தது.